ஆங்கில வாசகமும் தமிழ்ப் பொருள்கோளும்

சிவகாசிப் பக்கத்துச் சிறுவர்க்குச் சீனம் என்னும் பெயர் புதியதன்று. சிறு வெடிகளைச் சரமாகப் பின்னிய பட்டாசைச் சீனவெடி என்று வழங்குதல் தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். வெடிமருந்தை முதலிற் கண்டவர் அந்நாட்டவரே. அவ்வுண்மை பெயரளவில் நம்மிடை நின்றுவிட்டது. ஆயினும், சீனமொழி பேசும் மாணவனொருவன் ஆங்கில வாசகத்தைக் கையிலெடுத்துப் பொருள் காண முயலுங்கால் படும் இடருக்கும், விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் தமிழ்வழிப் பயிலும் மாணவன் படும் இடருக்கும் நெருங்கிய உறவு உண்டென்பதைச் சென்ற ஆண்டுவரை யாம் அறிந்திலேம். அறிவித்தது ஒரு பழைய புத்தகம்.

எம் விடுதித் தோழர் ஒருவரின் தமையனார் மருத்துவம் பயிலச் சீன நாடு சென்று மீண்டவர். அவர் கொணர்ந்த பெட்டியில், அந்நாட்டு மேனிலைப்பள்ளி மாணவர்க்கென அச்சிட்ட ஆங்கில வாசகப் பயிற்சி நூலொன்று கிடந்தது. அங்கே சர்வகலாசாலை புகுதற்கு ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் காவ்காவ் என்னும் பரீட்சை நடைபெறுகிறது. பெரும்பாலான மாகாணங்களில் அதற்குரிய மொத்த மதிப்பெண் 750, ஆங்கிலத்திற்கு 150. அவ்வாங்கிலத் தாளிலும் வாசகத்தைப் படித்துப் பொருளுணர்ந்து விடை கூறும் பகுதிக்குப் பெருமதிப்பு உண்டு. ஆதலின் நூல் முழுதும் சிறு வாசகங்களும் வினாக்களுமே. எம்மை ஈர்த்தவை அவையல்ல. முன்பு அந்நூலை வைத்திருந்த யாரோ ஒரு மாணவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் பென்சிலால் சாய்கோடிட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, முதன்மையான வினைச்சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, சில துண்டுகளிலிருந்து முன்னேயுள்ள பெயர்ச்சொல்லுக்கு அம்புக்குறி இழுத்திருந்தார். ஓரத்தில் எழுதியிருந்த சீன எழுத்தை யாம் படிக்க மாட்டேம். அக்கோடுகளையோ நன்றாகப் படித்தோம். தமிழ் வகுப்பில் பழஞ்செய்யுளுக்கு யாம் இடும் கோடுகள் அவை.

இது எமக்குப் பயன்பட்ட வகையைக் கூறுமுன் எம் சனிக்கிழமை வகுப்பைப்பற்றிச் சில சொல்லுதல் வேண்டும். யாம் நால்வர், சாத்தூர்ச் சாலையை அடுத்த சிற்றூரொன்றில், ஆலயத்தின் பக்கத்துக் கூடத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினால்வருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டோர் ஆங்கிலம் கற்பிப்பதா என்று நகைத்த அன்பர்கள் உளர். நகைப்பு நியாயமே. எம்மினும் வல்லார் ஒருவர் வாரந்தோறும் அப்பேருந்தில் ஏறி வருவாராயின் யாம் விலகச் சித்தமாயிருக்கிறோம்.

அப்பிள்ளைகளின் பெற்றோரிற் பெரும்பாலார் தீப்பெட்டியாலும் பட்டாசாலும் பிழைப்போர். 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா நகரஞ் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டு, 1923இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர் என்பதை இப்பக்கத்தார் யாவரும் அறிவர். தீப்பெட்டிக்கு மேலொட்டும் படத்தாள் வேண்டியதாயிற்று. அதனோடு அச்சுத்தொழிலும் வளர்ந்தது. இன்று அவ்வூரில் அச்சாகும் ஆங்கிலத்துக்கு அளவில்லை. நாட்காட்டி, நாட்குறிப்பு, பள்ளிப் புத்தகம், வாணப் பெட்டியின் எச்சரிக்கை ஆகிய யாவும் அங்கே அச்சாகின்றன. அத்தாளை மடித்து ஒட்டும் கைகளுக்குரியார் பலர் அதைப் படிப்பதில்லை. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலிற் சிறுவரை வைத்தல் குறித்து உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்புரைத்தது. அதற்கு முன்னே சிறுமியராய்க் குச்சி அடுக்கப் போன தாய்மார் எம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாருள்ளும் உளர்.

பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்திற்குத் தேர்ச்சி மதிப்பெண் 35. ஆங்கிலத்தில் அது தவறினால் துணைத்தேர்வு உண்டு, மீண்டும் எழுதலாம். ஆனால் இப்பக்கத்தில் அந்த ‘மீண்டும்’ பல வேளைகளில் வாராமலே போகிறது. விடியுமுன் ஆபீஸ் வண்டி தெருமுனையில் வந்து நிற்கும், ஏறிக்கொள்வது எளிது. முதல் நாளில் ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்து, “தம்பி, இவளுக்கு இங்கிலீசு ஒண்ணுதான் நிக்கிது. இந்தவாட்டியும் போச்சுன்னா இவுக அப்பா அனுப்பமாட்டாக” என்று சொல்லிச் சென்றார்கள். அச்சொல் எம் காதில் இன்றும் இருக்கிறது.

அப்பெண் ஆங்கிலத்தை உரக்கப் படிக்கக் கேட்டால், இவளுக்கா இம்மொழி வாராது என்று தோன்றும். உச்சரிப்பில் குறையில்லை, தடையில்லை. படித்து முடித்தபின் அவ்வாக்கியம் யாது கூறிற்று என்று வினவினால் மௌனம். நம் பள்ளிகளிற் படித்தல் என்பது பெரும்பாலும் வாயின் தொழிலாய் நின்றுவிட்டது.

எனினும் இப்பிள்ளைகள் வினாக்களுக்கு விடை எழுதாமலில்லை. வினாவிலுள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வர்; வாசகத்தில் அச்சொல் எங்குளதெனக் கண்ணால் துழாவுவர்; கண்ட இடத்தில், முற்றுப்புள்ளி முதல் முற்றுப்புள்ளிவரை அவ்வரியைப் பெயர்த்தெழுதுவர். பத்து வினாக்களில் ஐந்தாறு இவ்வகையில் சரியாகிவிடும். இதன் பொருளின்மையைக் காட்ட யாம் ஒருநாள் தமிழிலேயே ஒரு வாசகம் கட்டினோம். ‘ஞம்பன் தொவட்டையைக் கிழுப்பினான்.’ ஞம்பன் எதைக் கிழுப்பினான்? வகுப்பு முழுதும் ஒரே குரலில் ‘தொவட்டையை’ என்றது. தொவட்டை என்பது யாது? எவரும் அறியார், யாமும் அறியேம், அப்படியொரு சொல்லே இல்லையாதலின். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சிலர் சிரிப்பை நிறுத்தித் தம் விடைத்தாளைப் பார்த்துக்கொண்டார்கள். முழு மதிப்பெண்ணுக்கும் ஒரு துளிப் பொருளும் இல்லாமல் விடை எழுதலாம் என்பது அன்று அவர்களுக்கும் எமக்கும் புலனாயிற்று.

தெரிந்த சொல்லே பிள்ளைகளை வழி தவறச் செய்வதும் உண்டு. ஒரு வாசகத்தில், அன்னையொருத்தி ஆபீசிலிருந்து முதுகு வலியுடன் வீடு திரும்புகிறாள். வலி ஏன் வந்தது என்று வினா. நாற்காலி தாழ்ந்திருந்தது என்று வாசகம் கூறுகிறது. எம் மாணவியர் மூவர், அவள் நாள் முழுதும் தரையிற் குந்திப் பெட்டி ஒட்டினாள் என்று எழுதினர். இவ்வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் பட்டாசுத் தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றே பெயர் என்பதை வெளியூர் அன்பர்கள் அறிக. யாம் முதலில் நகைத்தோம், பிறகு நாணினோம். ‘ரிடையர்’ என்னும் சொல்லும் அப்படியே. பிரித்தானிய நாட்டு வாணங்களில் திரியைப் பற்றவைத்ததும் பின்வாங்குக என்பதற்கு அச்சொல்லை அச்சிடுதல் பழைய மரபு. எம் பையனொருவன், வெடி கொளுத்தியவருக்கு ஓய்வூதியம் கிடைக்கும் என்று பொருள் எழுதினான்.

ஆயினும், சொற்பொருள் தெரியாமை அகராதியால் தீரும். தீராதது வேறொன்று. எல்லாச் சொற்களும் தெரிந்த வாக்கியத்திலும் இப்பிள்ளைகள் இடறுவதைப் பலகாற் கண்டோம். அதன் காரணத்தையே அச்சீன மாணவரின் பென்சிற் கோடுகள் எமக்குக் காட்டின.

‘சாத்தூரிலிருந்து வந்த வண்டிக்காரர் நேற்றுக் கிடங்கில் அடுக்கிய பெட்டிகளை எடுத்துச் சென்றார்.’ இஃது இயல்பான தமிழ். இதனையே ஆங்கில முறைவைப்பில் தமிழ்ச் சொற்களை நிறுத்தினால் பின்வருமாறு ஆகும்: ‘வண்டிக்காரர், எவர் வந்தாரோ சாத்தூரிலிருந்து, எடுத்துச் சென்றார் பெட்டிகளை, எவை அடுக்கப்பட்டனவோ கிடங்கில் நேற்று.’ நம் மொழியில் பெயரைச் சிறப்பிக்கும் தொடர் பெயருக்கு முன்னே நடக்கும். பெயரெச்சம் என்று இலக்கணத்தில் ஓதுகிறோம். ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னே வால்போல் வரும். நமக்கு முற்றுவினை ஈற்றில் நின்று வாக்கியத்தைக் கதவடைத்து முடிக்கும். ஆங்கிலத்திலோ வினை நடுவே வந்துவிட, அதன்பின்னும் சொற்கள் வரிசையாய் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே தமிழ்ப்பிள்ளை மேற்கண்ட ஆங்கில வாக்கியத்தைப் படிக்குங்கால், ‘வண்டிக்காரர் சாத்தூரிலிருந்து வந்தார்’ என்று ஒரு செய்தி முடிந்ததாக எண்ணிவிடுகிறான். ஈற்றிலுள்ள ‘நேற்று’ என்பதைக் கண்டவுடன், எடுத்துச் சென்றதே நேற்று என முடிவு செய்கிறான். சொற்கள் யாவும் தெரியும், கூட்டுதல் தவறிற்று.

சீனருக்கு இவ்விடர் பாதி. அவர் மொழியில் வினை ஆங்கிலத்திற்போல் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே நிற்கும்; அவ்வளவில் அவருக்கு எளிது. ஆனால் பெயரைச் சிறப்பிக்கும் தொடர் நம்முடையதைப் போலவே முன்னே வருகிறது. ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதை அவர் ‘சுவோதியன் மாய் த ஷூ’ என்பர். சுவோதியன் நேற்று, மாய் வாங்குதல், ஷூ புத்தகம். இடையிலுள்ள ‘த’ என்னும் சிறுசொல் நம் பெயரெச்ச விகுதியின் வேலையைச் செய்கிறது. சொல்வரிசையில் ஓர் அணுவும் மாறாமை காண்க. ஆதலின்றோ அப்பென்சில் அம்புகள் பின்வரும் துண்டிலிருந்து முன்னுள்ள பெயரைத் தேடிச் சென்றன! மற்றொருபால், சீன வினைச்சொல் காலத்திற்கேற்ப உருத்திரியாது. நேற்று, நாளை முதலிய சொற்களாலும் சில துணைச்சொற்களாலும் காலம் விளங்கும். ஆகவே ஆங்கில வினையின் காலவேறுபாட்டை அவர் வருந்திக் கற்கவேண்டும். நமக்கு அவ்வருத்தம் குறைவு. ‘தி’ என்னும் சார்படை இருவர்க்கும் அந்நியமே. முன்பு சொன்ன பொருளையே மீண்டும் சுட்டுகிறது என்பதற்கு அஃது ஓர் அடையாளமாகப் பல இடங்களில் நிற்பதைப் பிள்ளைகள் கவனியாது தாண்டிவிடுகிறார்கள்.

எதிர்த்திசையில் இதே வழியை நடந்தோரும் உளர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகிய வரலாறு நாம் கேட்டதே. அவருக்கு எழுத்தினும் பெருந்தடையாய் இருந்திருக்கக்கூடியது, வாக்கியத்தின் ஈறு வரும்வரை வினைக்காகக் காத்திருக்கும் பொறுமையே என யாம் எண்ணுகிறோம். (செருமானியர்க்கு அப்பொறுமை சிறிது பழக்கமே என்று எம் ஆசிரியர் திருத்துகிறார், அவர்தம் சார்பு வாக்கியங்களில் வினை ஈற்றில் வருமாம்.) 1856இல் கால்டுவெல் ஐயர் வெளியிட்ட ஒப்பிலக்கணம், ‘எவன் அவன்’ என்று இணைக்கும் பெயர்கள் இன்றிப் பெயரெச்சத்தாலேயே திராவிட மொழிகள் அவ்வேலையை முடித்துக்கொள்வதை விரித்துரைக்கிறது. நமக்கு இயல்பாயிருப்பது அவர்க்கு வியப்பாயிற்று.

இனி, தமிழ் மாணவராகிய எமக்கு உவகை தந்த செய்தி. கூட்டிப் பொருள் காணும் இக்கலை நமக்கு அந்நியமன்று. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை. நிறுத்தக்குறி என்பதும் இல்லை. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையரவர்கள், மூலம் எது உரை எது என்று பிரிப்பதற்கே எத்துணை உழைத்தார்கள் என்பதை நாம் அறிவோம். பழைய சீன ஏடுகளும் அத்தன்மையனவே. நிறுத்தம் விழும் இடத்தை மாணாக்கனே கண்டு குறியிடப் பழகுதல் அவர்தம் கல்வியின் முதற்படிகளுள் ஒன்று. நம் முன்னோரோ இதற்கு இலக்கணமே வகுத்தனர். தொல்காப்பியர் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று எனப் பொருள்கோள் நான்கு கூறினார். பவணந்தியார் நன்னூலில் ஆற்றுநீர், மொழிமாற்று, நிரல்நிறை, விற்பூட்டு, தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று என எட்டாக்கினார். ஓரடியில் கிடக்கும் எழுவாயை மற்றோரடியில் கிடக்கும் பயனிலையோடு கொண்டுபோய்க் கூட்டத் தெரிந்தவனுக்கு ஆங்கில வாக்கியத்தின் வால் எம்மாத்திரம்!

ஆகவே யாம் வகுப்பில் ஆங்கில இலக்கணப் பெயர்களை ஒதுக்கிவைத்து, பிள்ளைகள் ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே அறிந்த எழுவாய், பயனிலை என்பனவற்றைக் கொண்டே தொடங்கினோம். முதலில் வாக்கியத்தை வாயால் படியாமல் கண்ணால் பார்த்தல். முதன்மையான வினையைக் கண்டு வட்டமிடல். அவ்வினையைச் செய்தது யார், யாது என்று வினவி எழுவாயின்கீழ்க் கோடிடல். ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்னும் சொல் பெயரின் பின்னே நிற்பின், அங்கே தொடங்கும் துண்டை அடைப்புக்குறிக்குள் அடைத்து, அதனைத் தமிழிற் பெயரெச்சமாக்கிப் பெயரின் தலையில் ஏற்றல். வினாத்தாளை அதுவரை திறவாமை. இவ்வளவே. ஒரு வாசகத்திற்கு ஒரு மணிநேரம் சென்றது. பரீட்சையில் அவ்வளவு நேரம் ஏது என்று பிள்ளைகள் கேட்டனர். மூன்றாம் மாதத்தில் கோடிடாமலே கண் பிரிக்கத் தொடங்கியதை அவர்களே கண்டனர்.

‘அன்லெஸ்’ என்னும் சொல்லுக்கு மட்டும் இரண்டு சனிக்கிழமைகள் சென்றன. ‘மேற்பார்வையாளர் உடனிருந்தாலொழியக் கதவைத் திறவாதே’ என நாம் சொல்லுமிடத்து, ஆங்கிலம் ‘திறவாதே’ என்பதை முதலிற் கூறிப் பிறகு, ‘ஒழிய’ என்பதை அடுத்த துண்டின் தலையில் வைக்கிறது. நம் காதுக்கு ‘ஒழிய’ என்பது ஈற்றில் ஒட்டி வருவது; தலையில் நின்றால் அது கண்ணுக்கே தோன்றுவதில்லை. ‘கதவைத் திறவாதே, மேற்பார்வையாளர் உடனிருக்கிறார்’ என்று அதனைப் படித்த பிள்ளைகள் பலர். மருந்துக் கிடங்குள்ள ஊரிலே இப்பிழை மதிப்பெண்ணோடு முடிவதன்று. பட்டாசு ஆபீசில் வேலை செய்யும் தந்தையொருவர் இந்த உதாரணத்தைக் கேட்டு, எம் வகுப்பு முடியும்வரை வாயிலிலேயே நின்றிருந்தார்.

முறையில் குறைகளும் இல்லாமலில்லை. வட்டமிடுதலே படிப்பென்று கொண்டு, கண்ட சொல்லுக்கெல்லாம் வட்டமிட்டுத் தாளை முறுக்குத் தட்டாக்கிய பிள்ளைகள் உண்டு. வேறு சிலர், கூட்டலாம் என்று தெரிந்ததும் எதையும் எதனோடும் கூட்டினர். முல்லைப்பாட்டு முதலியவற்றில் நச்சினார்க்கினியர் சொற்களை நெடுந்தூரம் கொண்டுகூட்டியதை மறைமலையடிகள் குறைகூறியது எமக்கு நினைவு வந்தது. பேருரையாசிரியர்க்கே அப்பழி உண்டாயின், பதினைந்து வயதுப் பிள்ளைகளை என்சொல்வது! அதற்கு யாம் கண்ட வேலி ஒன்றே: எந்த விடைக்கும், இதனை உனக்குச் சொன்ன சொல் எது என்று வாசகத்தில் விரல் வைத்துக் காட்டவேண்டும்.

சீன நூல் இவ்விடத்திலும் உதவிற்று. அதன் வினாக்களுக்கு நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வர். பொய்யான விடைகளுள் ஒன்று, உலகில் உண்மையாயிருந்தும் வாசகத்தில் சொல்லப்படாததாக இருப்பது வழக்கம். எம் பிள்ளைகளை இவ்வலை எளிதிற் பிடித்தது. தீப்பெட்டிபற்றிய வாசகமொன்றை யாம் வேண்டுமென்றே எழுதிக் கொடுத்தபோது, அவர்கள் வாசகத்தை விட்டுத் தம் வீட்டைக் கொண்டு விடையெழுதினர். ஒருத்தி எழுந்து, வாசகமே தவறு, பெட்டியில் குச்சி அடைப்பதை அப்படிச் செய்யமாட்டார்கள் என்று எம்மைத் திருத்தினாள். அவள் சொன்னது சரி. ஆயினும் விடை வாசகத்தில் உள்ளதுதான் என்று அவளுக்கு ஒப்புவிக்கப் பெரும்பாடு பட்டோம். முழுதும் ஒப்பினாள் என்று இன்றும் சொல்ல முடியவில்லை.

துணைத்தேர்வை எம் வகுப்பிலிருந்து இருவர் எழுதினர். முன்னே கூறிய பெண்ணுக்கு 52 மதிப்பெண். அவள் இப்போது மேனிலைப்பள்ளியில் முதலாண்டு படிக்கிறாள். ஓய்வூதியப் பொருள் எழுதிய பையனுக்கு 31. அவன் பட்டாசு ஆபீசுக்குப் போகத் தொடங்கிவிட்டான். சனிக்கிழமை சம்பள நாளாதலின் அன்று மாலை அவனால் வர இயலாது. அவன் பொருட்டு வகுப்பை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றியிருக்கிறோம். அடுத்த தேர்வுக்கு அவன் பெயரைப் பதிவு செய்தாயிற்று. புத்தகத்தைத் தோழரின் தமையனார் திருப்பிக் கேட்டதால், அதிலுள்ள வாசகங்களிற் பன்னிரண்டைக் கையால் பெயர்த்தெழுதிக்கொண்டோம்; கோடுகளை மட்டும் பெயர்த்தெழுதவில்லை, அவற்றை அவனே இடவேண்டுமாதலின்.